ராஜாவுக்கு எது வலப்பக்கம்

நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். நாக்கில் எதுவும் வந்து படவில்லை.

நன்மை வாங்கும்போது கண்ணை மூடிக்கொள்வது என் சிறுவயதுப் பழக்கம். பூசையில் பாதிரியார் கையில் இருக்கும் அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்பது எங்கள் நம்பிக்கை. அதை வாங்கி உண்பதைத்தான் கத்தோலிக்கர்கள் நன்மை வாங்குவது என்போம். காகிதம்போல் மெல்லிய வெள்ளை அப்பம், ஒரு ரூபாய்க் காசு அளவு. இப்போது எல்லாரும் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். நான் இன்னும் நாக்கில்தான்.

கண்ணைத் திறந்தேன். பாதிரியார் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பொன்முலாம் பூசிய அடிப்பாகம் பளபளவென்று காலியாக இருந்தது. அதில் என் முகம் கோணலாகத் தெரிந்தது.

"தீந்துபோச்சு சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஒண்ணு கொறையுது."

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. வரிசையில் கடைசி ஆள் எப்போதும் நான்தான்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று கிறிஸ்து அரசர் திருநாள். திருச்சபையின் ஆண்டு அந்த ஞாயிறோடு முடிகிறது. உலகம் முடியும்போது கிறிஸ்து ராஜாவாக வந்து சிங்காசனத்தில் உட்கார்ந்து, தன் ராச்சியத்துக்கு உரியவர் யார், அல்லாதவர் யார் என்று பிரிப்பார் என்பதை நினைவில் கொள்ளும் நாள். அந்த ராஜாவின் பந்தியில், அவருடைய திருநாளில், நான் வெறும் நாக்கோடு நின்றேன்.

என் மனைவி மரகதம் அப்போது சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

இடத்துக்குத் திரும்பி உட்காரக்கூட முடியாமல், பீடத்தின் படியோரம் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன்.

எண்ணும் வேலை

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்கு நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன் என்பது தெரியும். வயலுக்குள் கயிறு கட்டிச் சதுரம் போட்டு, அதற்குள் விளைந்த நெல்லை அறுத்து, அடித்து, எடை போட்டு, மாவட்டத்தின் மகசூல் இவ்வளவு என்று மேலே சொல்வது எங்கள் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலை எண்ணுவேன். கல்யாண வீட்டில் இலையை எண்ணுவேன். சாவு வீட்டில் செருப்பை எண்ணியிருக்கிறேன்.

இந்தக் குணத்தை எங்கள் பாதிரியார் ஒருவர் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டார். கடலூர் முதுநகருக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. பெரிய பங்குக் கோயில் ஒன்றின் கிளை. சுவர் பாதி, தட்டி பாதி, மேலே தகரம். கதவுக்குச் சரியான பூட்டு இல்லாததால் அங்கே நற்கருணை அப்பத்தை வைத்துவிட்டுப் போக முடியாது. கொண்டுவரும் அப்பம் அத்தனையும் அந்தப் பூசையிலேயே தீர வேண்டும். மீந்தால் பாதிரியாரே உண்ண வேண்டும். குறைந்தால் யாராவது வெறும் வாயோடு திரும்ப வேண்டும்.

ஆகவே, பூசையில் வேத வாசகங்கள் படிக்கப்படும்போது நான் பக்கவாட்டுக் கதவருகே நின்று தலைகளை எண்ணுவேன். மொத்தத்தில் புதுநன்மை, அதாவது முதல் நன்மை, இன்னும் வாங்காத சிறுவர்களைக் கழிப்பேன். கோயிலில் தாலி கட்டாமல் சேர்ந்து வாழும் ஒரு தம்பதியைக் கழிப்பேன். வேடிக்கை பார்க்க வந்த மீன்காரம்மா இருந்தால் அவரையும் கழிப்பேன். கடைசியாக மரகதத்தைக் கழிப்பேன். வந்த எண்ணைப் பாதிரியார் காதில் சொல்வேன். அவர் அத்தனை அப்பத்தை எண்ணிப் பாத்திரத்தில் போட்டுக்கொள்வார்.

என் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வேறு கோயில்களில், கடைசியில் குறையும் போலிருந்தால் அப்பத்தை இரண்டாகப் பிட்டுக் கொடுப்பார்கள். எங்கள் பாதிரியார் ஒருநாளும் பிட்டதில்லை.

கடைசி பெஞ்சு

மரகதத்தை ஏன் கழிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் புவனகிரிப் பக்கத்துப் பெண். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் அவர்கள் வீட்டுக் குலதெய்வம். எங்கள் அலுவலகத்தில் தட்டச்சராக வந்தாள். பிஷப் இல்லத்தில் அனுமதி வாங்கிக் கோயிலில்தான் தாலி கட்டினேன். ஞானஸ்நானம் வாங்காதவளைக் கட்டிக்கொள்ள எங்கள் சபையில் அப்படி ஓர் அனுமதி உண்டு. மதம் மாறச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் வாங்காதவருக்கு நன்மை கிடையாது. பிள்ளைகள் பிறக்கவில்லை, ஆகவே அந்தப் பேச்சு வர வேறு காரணமும் இல்லை.

ஆனால் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாள். பீடத்துக்குப் பூ அவள் கட்டியதுதான். பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சு, சுவரோரம். எல்லாரும் நன்மை வாங்க வரிசையில் போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்து, எதிர் பெஞ்சில் பிள்ளைகள் விட்டுப்போன குடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னா பிரசங்கம் அது, கொழம்பு கொதிக்கறாப்ல கொதிச்சிக்கினே இருக்குது, எறக்கவே மாட்றாரு" என்பாள் திரும்பி வரும் வழியில். பாதிரியாரிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தார். அடுத்த வாரமும் அதே நீளம்தான்.

உபதேசியாரின் படம்

எனக்கு ராஜா என்றால் பயம். அந்தப் பயத்தை என் சிறுவயதில் ஏற்படுத்தியவர் எங்கள் உபதேசியார். ஞானோபதேச வகுப்பில் சுருட்டி வைத்த துணிப் படம் ஒன்றை ஆணியில் மாட்டுவார். நடுவில் சிங்காசனத்தில் ராஜா. அவருக்கு வலப்பக்கம் வெள்ளாடை உடுத்தவர்கள், ஆடுகள்போல் சாதுவாக. இடப்பக்கம் நெருப்பு. பசித்திருந்தேன், தாகத்தோடு இருந்தேன், நோயாய்க் கிடந்தேன், நீ என்ன செய்தாய் என்று அந்த ராஜா ஒவ்வொருவரையும் கேட்பார் என்று உபதேசியார் சொல்வார். பதில் தெரியாதவன் போகும் இடத்தைப் பிரம்பால் தொட்டுக் காட்டுவார். அந்த இடத்தில் துணி தேய்ந்து நூல் தெரிந்தது.

எனக்கு அப்போது எழுந்த சந்தேகம் வேறு. ராஜா நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் அவருக்கு வலது, நமக்கு இடது. எங்கள் கோயிலில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். பீடத்திலிருந்து பார்த்தால் ஆண்கள் அத்தனை பேரும் நெருப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்!

எழுந்து கேட்டேன். உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

கல்யாணமான புதிதில் இதை மரகதத்திடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அதான் ஒங்க மூஞ்சி கோயில்ல எப்பவும் அடுப்புக்கிட்ட நிக்கறவன் மூஞ்சியாட்டம் இருக்குதா?" என்றாள்.

சிரிக்கலாம். ஆனால் பயம் பயம்தான். ஒரு வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் உள்ளே எடுக்கப்படுவார், ஒருவர் வெளியே விடப்படுவார் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் என் வீட்டு எண்ணிக்கை எனக்கு நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் சரியாக இரண்டு பேர்.

நாலாவது பொட்டலம்

கடல் ஊருக்குள் வந்த வருடத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கரையோர ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். எல்லாரும் இந்து மீனவக் குடும்பங்கள். எங்கள் பங்கிலிருந்து சோறு போயிற்று. புளிச்சோறு கிளறியது மரகதமும் இன்னும் சில பெண்களும். பொட்டலம் குறையாமல் கொடுக்க ஆள் எண்ணும் வேலை, சொல்ல வேண்டுமா, எனக்கு.

ஒரு பெண் வந்து நாலு பொட்டலம் கேட்டாள். தலையில் எண்ணெய் இல்லை, புடவை முழுக்க உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. நான் பின்னால் பார்த்தேன். அவள் புருஷன், ஒரு பெண் குழந்தை. அவளோடு சேர்த்து மூன்று.

"மூணு பேருதாம்மா இருக்கீங்க" என்றேன்.

"நாலு சார்."

"நான் எண்ணிட்டேம்மா. மூணு."

அவள் கையை மடக்கவில்லை. நாலு விரல் நீட்டியபடி இருந்தது. மரகதம் அண்டாவை விட்டு எழுந்து வந்தாள். என்னைத் தள்ளிவிட்டு, நாலு பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அந்தப் பெண் அதன் பிறகுதான் அழுதாள். பையனைக் கடல் கொண்டுபோயிருந்தது.

அவள் போனதும், "ஒண்ணு இடிக்குமே, கடைசியில யாருக்காவது பத்தாம போயிடுமே" என்றேன்.

"அந்தப் புள்ளயும் கணக்குல இருக்கட்டும்" என்றாள் மரகதம். கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இது நடந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த ஞாயிறு.

தீர்த்தப் புட்டி

அந்த வாரம் முழுக்க மழை. மரகதத்துக்கு இரண்டு நாளாகப் படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை மேல் தலையணை அடுக்கி உட்கார்ந்தே இருந்தாள். வெள்ளிக்கிழமை கால் வீங்கிவிட்டது. டாக்ஸி பிடித்துச் சிதம்பரம் கொண்டுபோனேன். இருதயம் பலவீனமாக இருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஐ.சி.யூ.வில் சேர்த்துக்கொண்டார்கள். புவனகிரியிலிருந்து அவள் தம்பி கலியபெருமாள் வந்து சேர்ந்தான். சனிக்கிழமை மாலை அவனை அங்கே வைத்துவிட்டு, மாற்றுத் துணியும் பழைய மருந்துச் சீட்டுகளும் எடுத்துவர நான் கடலூர் திரும்பினேன்.

வீட்டில் என் அக்கா பிலோமினா வந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர், விதவை, தினப் பூசைக்காரர்.

"ராஜா திருநாளு. பூச பாத்துட்டுப் போடா தம்பி. அவரு வாசல்ல கேட்டுட்டுப் போ" என்றார்.

போனேன். அங்கேதான் ஒன்று குறைந்தது.

பூசைக்குப் பிறகு நடக்க வேண்டிய பவனி மழையால் நின்றுபோயிற்று. காகிதக் கிரீடம் வைத்திருந்த பிள்ளைகளின் நெற்றியில் மஞ்சள் சாயம் வழிந்தது. கிறிஸ்து அரசர் படத்தை வாசல்வரை கொண்டுபோய், நனையாமல் அதற்கு ஒருவர் குடை பிடித்தார். வாழ்க என்று மூன்று முறை கத்திவிட்டு உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். பாதிரியார் என் தோளைத் தொட்டு, "பரவால்ல சார், மனசு சரியில்லாத நேரம்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவர் கண்ணைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை, தண்ணீர்தான். புதுச்சத்திரம் அருகே சாலையே தெரியவில்லை. கண்டக்டர் இறங்கிக் கையில் ஒரு கம்போடு முன்னால் நடந்தார். பஸ் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்தது. ஒரு வைக்கோல் போர் அப்படியே முழுசாக மிதந்து போயிற்று.

அக்கா ஜெபமாலையை நிறுத்திவிட்டு முந்தானைக்குள் கைவிட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். பன்னீர் வைத்திருந்த பாட்டில். அதில் மந்திரித்த தீர்த்தம்.

"சட்டப் பையில வெச்சுக்க."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா? ஆபத்து நேரத்துல ஞானஸ்நானம் யாரு வேணாலும் குடுக்கலாம்னு உபதேசியாரு சொல்லிக் குடுத்தாரே. நெத்தியில ஊத்து. பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொல்லு. முடிஞ்சிபோச்சு. அவ ராச்சியத்துக்குள்ள வந்துடுவா."

"அவ சம்மதிக்கணும்க்கா."

"கொழந்தைங்களக் கேட்டுக்கினா ஊத்தறாங்க?"

பாட்டிலை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது நெஞ்சில் இடித்தது.

அப்போதுதான், வெள்ளத்தின் நடுவில், எனக்குக் கணக்கு விளங்கியது. காலையில் கோயிலில் தலைகளை எண்ணினேன். குழந்தைகளைக் கழித்தேன். அந்தத் தம்பதியைக் கழித்தேன். கடைசியாக, பழக்கத்தில், ஒன்றைக் கழித்தேன். அவள் சிதம்பரத்தில் கிடக்கிறாள். கடைசி பெஞ்சு காலி. இல்லாதவளைக் கழித்திருக்கிறேன்.

அவளுக்கான கழித்தல் என்மேல் விழுந்தது. இது தற்செயல்தான் என்று புத்தி சொன்னது. அது எச்சரிக்கை என்று வயிறு சொன்னது. எந்த ராஜாவும் சும்மா தன் பந்தியிலிருந்து ஒருவனை எழுப்ப மாட்டார்.

உள்ளே ஒருவர் மட்டும்

ஐ.சி.யூ. வாசலில் ஒரு மர பெஞ்சு. கலியபெருமாள் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"இன்னிக்கிப் பொழுது தாண்டட்டும்னாரு மாமா. மருந்து கேட்டா பொழப்பாங்களாம்." பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தான். "பையில இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல."

நான் அவன் சட்டைப் பையைப் பார்த்தேன். அதுவும் புடைத்திருந்தது. துளசி வாசனை வந்தது.

"ஒன் பையில இன்னா?"

"எங்கிட்டயும் ஒண்ணுமில்ல மாமா."

இருவரும் ஆளுக்கொரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நெஞ்சு வலி அவளுக்கா, ஒங்க ரெண்டு பேருக்கா?" என்றார்.

பார்வை நேரம் வந்தது. உள்ளே ஒரு சமயத்தில் ஒருவர்தான் என்றார் வாசல்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு நான் முதலில் போனேன்.

மரகதத்தின் முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தது. தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண்போல் இருந்தாள். கண் மட்டும் அவளுடையது.

"மழ வுட்டுதா?" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"இல்ல. பேசாத."

"நன்ம வாங்குனீங்களா? ராஜா திருநாளாச்சே."

"இல்ல."

"ஏன்?"

"பத்தல. ஒண்ணு கொறஞ்சிபோச்சு."

அவள் புருவம் மெல்ல ஏறியது. "என்னக் கழிச்சிட்டீங்களா?"

நான் தலை குனிந்துகொண்டேன். மாஸ்க்குக்குள் பனி படர்ந்தது. சிரிக்கிறாள்.

"நான் இங்க கெடக்கறேன். அங்க போயி... என்னக் கழிச்சீங்களா?"

"பழக்கம்."

"நல்ல பழக்கம்."

இருமல் வந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்து முறைத்தார். இருமல் அடங்கியதும் மரகதம் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"அது இன்னா?"

"தீர்த்தம்."

"அக்கா குடுத்துதா?"

"ம்."

"ஊத்தப் போறீங்களா?"

"நீ சரின்னு சொன்னா. பயமா இருக்கு மரகதம். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு ஆயிட்டா?"

"நான் உக்கார்றது பொம்பளைங்க பக்கம். அது அவருக்கு வலதுன்னு... நீங்கதான சொன்னீங்க? நீங்கதான் அடுப்புப் பக்கம். ஒங்களப் பத்திக் கவலப்படுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தலைமாட்டில் இருந்த கருவி சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. நான் அதை எண்ண ஆரம்பித்து, பயந்து, நிறுத்திவிட்டேன்.

"கல்யாணமாயி இத்தன வருஷத்துல இப்பதான் கேக்கறீங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல். "இப்பக் கேட்டா சரின்னுதான் சொல்லுவேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயத்துல வந்தவள... ஒங்க ராஜா சேத்துக்குவாரா?"

உபதேசியார், அக்கா, இத்தனை வருடப் பிரசங்கம் எல்லாவற்றிலும் தேடினேன்.

"தெரியல" என்றேன்.

"அப்ப எழுந்து நடக்கறப்போ கேளுங்க."

பாட்டில் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அவள் நெற்றி ஒரு சாண் தூரத்தில். கண் மூடித்தான் இருக்கிறாள். ஊற்றினால் தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. ஊற்றாமல் விட்டு, இந்தப் பொழுது அவளைக் கொண்டுபோய்விட்டால்? வெளியே நிற்பவள் அவளாக இருப்பாள், பாட்டிலை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவன் நானாக இருப்பேன். வாழ்க்கையில் அவ்வளவு பயம் நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

மூடியைத் திருகினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என் கையைப் பார்த்தாள். "நாக்கு ஒட்டிக்குது" என்றாள். "ஒரு சொட்டு தண்ணி குடுக்க மாட்றாங்க. நேத்துலேந்து கேக்கறேன்."

நர்ஸிடம் திரும்பினேன். "தண்ணி குடிக்கக் கூடாது சார், ஏற்கெனவே லங்ஸ்ல தண்ணி. வேணும்னா பஞ்ச நனைச்சு ஒதட்டுல வைங்க" என்று ஒரு துண்டுப் பஞ்சைக் கொடுத்துவிட்டு, அடுத்த படுக்கையில் மணி அடிக்க அங்கே ஓடினார்.

தண்ணீர் எங்கே என்று கேட்க ஆள் இல்லை. என் கையில் இருந்த தண்ணீர் ஒன்றுதான்.

பஞ்சை நனைத்தேன். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, வெடித்திருந்த அவள் உதட்டில் வைத்தேன். குழந்தைபோல் உறிஞ்சினாள். மறுபடி நனைத்து வைத்தேன். நெற்றிக்கு எடுத்து வந்த தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாய்க்குப் போயிற்று. பிதா, சுதன் என்ற எந்த வார்த்தையும் நான் சொல்லவில்லை.

"கரிக்குது" என்றாள். "முதுநகர் தண்ணி."

"ஆமா."

"நல்லாருக்கு."

வாசல் பெஞ்சு

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "ஊத்துனியா?"

"குடுத்தேன்."

"குடுத்தியா? என்னாத்தடா குடுத்த?"

"தண்ணி. தாகம்னா."

அக்கா தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்தக் கையை அப்படியே கீழே இறக்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். கலியபெருமாள் அடுத்து உள்ளே போய்விட்டு வந்தான். அவன் சட்டைப் பை கொஞ்சம் இளைத்திருந்தது.

மாலை வரை மூவரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் மூவரும் எழுந்தோம். யார் யாரையோ கூப்பிட்டார்கள். ஒருமுறை ஒரு குடும்பம் முழுக்கக் கதறிக்கொண்டு ஓடிற்று. எங்கள் பெயரைக் கூப்பிடாத ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னேன், யாரிடம் சொல்கிறேன் என்ற நிச்சயம் இல்லாமல். காலையில் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பியவரிடமா? வேறு யாரிடம் சொல்வது?

விளக்கு வைக்கும் நேரத்தில் டாக்டர் வந்தார். நீர் பிரிய ஆரம்பித்துவிட்டது, மருந்து கேட்கிறது என்றார். கலியபெருமாள் சுவரில் சாய்ந்து அழுதான். அக்கா டாக்டரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டார். அவர் பயந்துபோனார்.

மறுபடியும் கதவருகே

மரகதம் பொங்கலுக்கு முன்பே எழுந்து நடந்தாள். நடக்கும்போது கேளுங்கள் என்றாளே, நான் கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். சரி என்று சொன்னால், எனக்காகச் சொல்கிறாளோ என்று பயம். காலி பாட்டில் எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் இருக்கிறது, கலியபெருமாள் கொண்டுவந்த துளசிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில். தூசி துடைக்கும்போது இரண்டையும் எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைக்கிறாள்.

கோயிலில் இன்னும் நான்தான் எண்ணுகிறேன். போன வருடப் புயல் எங்கள் தகரக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இப்போது ஓலைப் பந்தலில் பூசை. பழைய பாதிரியார் மாற்றலாகிவிட்டார். வந்திருப்பவர் இளையவர், கறாரானவர்.

குழந்தைகளைக் கழிக்கிறேன். அந்தத் தம்பதிக்குப் போன தை மாதம் கோயிலில் தாலி கட்டியாயிற்று, அவர்களைச் சேர்த்துக்கொள்கிறேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கழிக்கிறேன். பிறகு பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சைப் பார்க்கிறேன். அவள் உட்கார்ந்திருக்கிறாள். மாத்திரையால் முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. பிரசங்கத்தில் தூங்கிவிடாமல் இருக்க விசிறிக்கொள்கிறாள்.

எண்ணைப் போய்ச் சொல்கிறேன்.

மூன்று நாலு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, புதுப் பாதிரியார் போன ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். உடையை மடித்துக்கொண்டே, "சார், நீங்க கணக்குல புலின்னு சொன்னாங்க" என்றார். "ஆனா வாராவாரம் எனக்கு ஒண்ணு மிஞ்சுதே? சரியா ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே?"

பந்தலுக்கு வெளியே மரகதம் என் குடையையும் தன் குடையையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குள் அந்தப் பழைய பயம் எழுந்தது. ராஜாவும் ஒருநாள் இதையே கேட்பார். அன்றைக்கும் என்னிடம் வேறு பதில் இருக்காது.

"அது கணக்குல இருக்கட்டும் ஃபாதர்" என்றேன்.